எட்டு எண்ணி முடிப்பதற்குள்

இராமதாஸ் கேமரா வாங்கிய நாளிலிருந்து புதுச்சேரியில் நடந்த எந்த விசேஷமும் அவனிடமிருந்து தப்பவில்லை. மில்லில் துணி சோதிக்கும் பிரிவில் வேலை. லீவு நாளென்றால் கழுத்தில் கேமரா. பகலில் எவன் வேண்டுமானாலும் படம் எடுப்பான், ராத்திரி விளக்கை எடுப்பவன்தான் ஆள் என்பது அவன் கட்சி. பிளாஷ் அவனுக்கு ஆகாது, அது மூஞ்சிக்குச் சுண்ணாம்பு அடித்துவிடும் என்பான். கேமராவை ஆடாத இடத்தில் வைத்து, விசையை அமுக்கிப் பிடித்துக்கொண்டு எட்டு எண்ணுவான். அதுவரை எதிரில் இருப்பவர்கள் கண்ணைக்கூடக் கொட்டக் கூடாது. எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் அந்த எட்டு எண்ணிக்கைக்கு அவன் அதிகாரம்தான்.

எழுபத்தொன்பதாம் வருஷம், சுதந்திர தினம். கடற்கரைச் சாலையில் அரசாங்கக் கட்டடங்களுக்கு வரிசை வரிசையாகப் பல்பு போட்டிருந்தார்கள். வளைகாப்பு முடிந்து கருவடிக்குப்பத்தில் தாய்வீட்டில் இருந்த மனைவி வசந்தாவையும் மாமியார் செல்வாம்பாளையும் ரிக்‌ஷாவில் ஏற்றி அழைத்துப் போனான்.

"வெளக்கு வச்சப்பறம் புள்ளத்தாச்சிய கடலாண்ட கூட்டிக்கினு போவாங்களா மாப்ள?" என்று செல்வாம்பாள் முனகினாள். முனகிக்கொண்டே புதுப்புடவை கட்டி முதலில் வந்து நின்றதும் அவள்தான். வீட்டு நாயை யாரும் கூப்பிடவில்லை. அது ரிக்‌ஷாவுக்குப் பின்னாலேயே ஓடி வந்துவிட்டது. பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கும் சொல்தா ஒருவர் வீட்டில் பிறந்த வெள்ளைக் குட்டி அது. அதனால் அதற்கும் சொல்தா என்றே பேர் நிலைத்துவிட்டது.

பல்பு போட்ட கட்டடம் ஒன்றுக்கு முன்னாலிருந்த சிமென்டு பெஞ்சில், தெருவிளக்கு விழுந்த முனையில் செல்வாம்பாள் உட்கார்ந்தாள். மறுமுனையில் சொல்தா ஏறிக்கொண்டது. அதன் பக்கத்தில் வசந்தா நின்றாள். எதிரே கடலோரக் கைப்பிடிச் சுவரில் துண்டை மடித்துப் போட்டு அதன்மேல் கேமராவை வைத்தான் இராமதாஸ். விசையை அமுக்கினான். கண்ணைக் கைக்கடிகாரத்து முள்ளில் வைத்து எட்டு எண்ணினான்.

படம் பத்து நாள் கழித்து, ஒரு சனிக்கிழமை கைக்கு வந்தது. முத்தியால்பேட்டை ஸ்டுடியோ வாசலிலேயே உறையைப் பிரித்தான். பல்புகள் ஒவ்வொன்றும் முத்து மாதிரி விழுந்திருந்தன. மாமியார் சிலை. சொல்தா சிலை. வசந்தா மட்டும் புகையாக நின்றாள். அவள் வயிற்றின் ஊடே பின்னாலிருந்த விளக்குகள் எரிந்தன. போதாததற்கு, அவள் பக்கத்தில் கரியதாக எதுவோ ஒன்று நாயை நோக்கிக் குனிந்திருந்தது.

புத்தியுள்ளவன் அதை அங்கேயே கிழித்துப் போட்டிருப்பான். இவன் வீட்டுக்குக் கொண்டுபோனான்.

"ஒண்ணுமில்ல, நீ அசைஞ்சிட்ட. அசைஞ்சா இப்படித்தான் மங்கிடும்" என்று சிரிக்கப் பார்த்தான்.

"நான் அசையவே இல்லீங்க" என்றாள் வசந்தா. படத்தை வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். "நீங்க சொன்ன மாதிரி கல்லாட்டம் நின்னேன்."

செல்வாம்பாள் எட்டிப் பார்த்தாள். அந்தக் கரிய உருவத்தில் விரலை வைத்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அப்பவே சொன்னேனே மாப்ள. கடலாண்டயிருந்து எதுவோ கூடவே வந்துட்ச்சி!"

அசைகிறவர் மங்கிப்போவது இராமதாசுக்குப் புதிதல்ல. எத்தனையோ பேரை அவன் கேமரா அப்படித் தின்றிருக்கிறது. ஆனால் சொல்தா? மூன்று நொடி ஓரிடத்தில் இருந்தறியாத நாய் அது. அதுவே மண்பொம்மை மாதிரி விழுந்திருக்கும்போது, கல்லாட்டம் நின்றேன் என்கிறவள் எப்படிப் புகையானாள்? சொல்ல வெட்கம்தான், அவனுக்கும் பயம் வந்துவிட்டது.

வசந்தாவின் கால் இரண்டும் வீங்கியிருந்தன. ரத்த அழுத்தம் கூடியிருக்கிறது, திங்கட்கிழமை கட்டாயம் வந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட வேண்டும் என்று டாக்டரம்மா கண்டித்துச் சொல்லியிருந்தார். ஞாயிறு முழுக்க அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக் கிடந்தாள். சோறு இறங்கவில்லை. அம்மா மிளகாய் சுற்றிப் போட்டதில் இருமல் வந்ததுதான் மிச்சம். திங்கள் காலை ரிக்‌ஷா வாசலில் வந்து நின்றபோது எழுந்திருக்கவே மாட்டேன் என்றுவிட்டாள்.

"போனா திரும்ப மாட்டேங்க. படத்துலதான் பாத்தமே, நான் பாதி போய்ட்டேன்."

இராமதாஸ் படத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான். சட்டைப் பையில் மில் சாமான் ஒன்று இருந்தது, ஓர் அங்குலத் துணியில் எத்தனை இழை என்று எண்ணுகிற சின்ன லென்ஸ். வெயிலில் படத்தைப் பிடித்து, அதை அந்தக் கரிய உருவத்தின்மேல் வைத்தான். முகமில்லை, கண்ணில்லை. பிறகு நாயின்மேல் நகர்த்தினான். கழுத்து ரோமத்தில் இழை இழையாகக் கோடுகள் தெரிந்தன. தினமும் எண்ணுகிற பழக்கத்தில் எண்ண ஆரம்பித்துவிட்டான். ஆறாவது கோட்டில்தான் அவை வளையல்கள் என்று உறைத்தது. அவற்றுக்குக் கீழே ஐந்து விரல்கள்.

உள்ளே ஓடினான். ஸ்டூலை இழுத்துப் போட்டுச் சொல்தாவைத் தூக்கி அதன்மேல் வைத்தான். பிலிம் இல்லாத கேமராவை அலமாரியில் வைத்தான்.

"வசந்தா, ஒரே ஒரு தபா வந்து நில்லு. எட்டு எண்ற வரைக்கும் அன்னிக்கு நின்ன மாதிரியே நிக்கணும். அப்பறம் உன்ன எங்கயும் கூப்ட மாட்டேன்."

அவள் எழுந்தாள். சொல்தாவின் பக்கத்தில் நின்று கேமராவை முறைத்தாள். இந்த முறை இராமதாஸ் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

"ஒண்ணு. ரெண்டு."

சொல்தா பின்னங்காலைத் தூக்கியது. முகத்தைக் கேமராவிலிருந்து எடுக்காமலே வசந்தா இடுப்பைச் சாய்த்தாள், கையை நீட்டி அதன் கழுத்தை அழுத்திப் பிடித்தாள். சொல்தா அடங்கி உட்கார்ந்தது. எட்டு வரை அவள் கையும் எடுபடவில்லை, சாய்ந்த உடம்பும் நிமிரவில்லை.

"அசைஞ்சியா?"

"இல்லியே."

"கை எங்க இருக்கு பாரு."

வசந்தா பார்த்தாள். தன் கையை இன்னொருத்தி கை மாதிரி பார்த்தாள். இராமதாஸ் லென்சையும் படத்தையும் கொடுத்தான்.

"ரெண்டு எண்ற வரைக்கும் நின்ன, அதான் பொகையாட்டம் விழுந்துச்சி. மிச்ச ஆறுக்கும் அதப் புடிச்சிக்கினு சாஞ்சிருந்த. தெருவெளக்கு உங்கம்மா மேலதான் விழுந்துச்சி, உனக்குப் பின்னாலதான் வெளிச்சம், அதான் கறுப்பா விழுந்த. அங்க குனிஞ்சிக்கினு இருக்கறது நீதான்."

செல்வாம்பாளுக்கு மூன்று முறை காட்ட வேண்டியிருந்தது. மூன்றாவது முறை, "அடிப்பாவி, பேயும் நீதானா!" என்று மகள் தலையில் செல்லமாகக் குட்டினாள். வசந்தா சிரித்தாள். சிரிப்பு அழுகையாகி, அழுகை மறுபடி சிரிப்பாகி, கடைசியில் பசிக்கிறது என்றாள்.

இரண்டு இட்லி தின்றுவிட்டு அவளே நடந்துபோய் ரிக்‌ஷாவில் ஏறினாள். இராமதாஸ் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பக்கத்தில் வந்தான். அவன் கழுத்தில் கேமரா தொங்குவதைப் பார்த்தவள், "இத பாருங்க, புள்ளைய ராத்திரியில எல்லாம் எடுக்கக் கூடாது, சொல்லிட்டேன்" என்றாள். "பகல்ல எடுங்க. நான்தான் மடியில வச்சிக்கினு உக்காருவேன். அது எட்டு எண்ற வரைக்கும் சும்மா இருக்குமா?"

பிள்ளை பிறந்த பிறகு நடக்கப்போவதைப் பற்றிப் பேசுகிறாள் என்பது இராமதாசுக்கு ஒரு நிமிஷம் கழித்துத்தான் உறைத்தது. சனிக்கிழமையிலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பயம் இறங்கிவிட்டது. சரி என்று தலையைப் பலமாக ஆட்டினான்.