ஓட்டுநர் ஓடுகிறார்

டிப்போவில் அவருக்கு டபுள் டயர் என்று பெயர். பஸ்ஸுக்குப் பின்பக்கம் இருக்கிற சமாசாரம் அவருக்கு முன்பக்கம் இருந்தது, அவ்வளவுதான். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு நின்றுபோனது. இருபது வருஷமாக ஒரே தடத்தில் பஸ் ஓட்டுகிறார். பெரிய ஊர் ஆஸ்பத்திரி வாசலில் ஏறினால், முக்கால் மணி நேரத்தில் அவருடைய சொந்த ஊர் பஸ் நிலையத்தில் இறக்கிவிடுவார். தெருமுனைக் கடைக்குப் போவதற்கே ஸ்கூட்டர் சாவியைத் தேடுகிற மனிதர். அவர் ஓடப்போகிறார் என்று ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டிவிட்டார்கள்.

எல்லாம் ஒரே ஒரு எழுத்து செய்த வேலை.

அவருடைய சொந்த ஊர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் இயந்திரம் கிடையாது. சிறுநீரகம் பழுதானவர்கள் வாரத்தில் மூன்று நாள் பெரிய ஊருக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு, பிழிந்துபோட்ட துணியாகத் திரும்பி வருவார்கள். போவதும் வருவதும் டபுள் டயரின் பஸ்ஸில்தான். அதில் அவருடைய தங்கையும் ஒருத்தி. ஓட்டுநர் சீட்டுக்குப் பின்னால், ஜன்னலோரம் அவளுடைய இடம். திரும்பி வரும்போது கம்பியில் தலையைச் சாய்த்துக் கிடப்பாள். கண்ணாடியில் அவளைப் பார்த்துப் பார்த்து, பள்ளம் வந்தால் வண்டியைப் பூப்போல இறக்குவார். சிகிச்சையைவிட இந்தப் போக்குவரத்துதான் அவளைக் கொல்கிறது என்று மனைவியிடம் பல தடவை சொல்லி அழுதிருக்கிறார்.

ஊரிலேயே இயந்திரம் வாங்கிவிடுவது என்று உள்ளூர் நர்ஸ் ஒருத்தி வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினாள். பெரிய ஊரிலிருந்து சொந்த ஊர் வரை ஓட்டம். தெரிந்தவர் யாராவது ஓடி முடித்தால் இவ்வளவு தருகிறேன் என்று ஊரார் ஒப்புக்கொள்வார்கள். அவள் போன் செய்த நேரம் பஸ் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது.

"அண்ணே, நம்ம ஓட்டத்துக்கு நீங்களும் வரணும்."

ஓடுகிறவர்களுக்குப் பின்னால் வரும் தண்ணீர் வண்டிக்கு ஓட்டுநர் தேடுகிறாள் என்று இவர் நினைத்துக்கொண்டார். "அதுக்கென்னம்மா! முழு தூரமும் நானே ஓட்டறேன்!"

இன்ஜின் இரைச்சலில் நடுவில் இருந்த எழுத்து கீழே விழுந்துவிட்டது. நர்ஸ் காதில் விழுந்தது, "நானே ஓடறேன்."

அடுத்த வாரம் பஸ் நிலையச் சுவரில் அவருடைய படம், தொப்பை முழுசாகத் தெரியும்படி. மேலே கொட்டை எழுத்தில்: 'நம் ஓட்டுநர் ஓடுகிறார்!' டிப்போ விழுந்து விழுந்து சிரித்தது. சிமென்ட் கடை முதலாளி போஸ்டருக்கு முன்னால் நின்று, நாலு பேர் கேட்கச் சவால் விட்டார்: "இந்த ஆள் கடைசி ஸ்டாப்புக்குத் தன் கால்ல வந்து சேரட்டும். மிஷினுக்கு எவ்வளவு குறையுதோ, அத்தனையும் நான் தர்றேன்." கொடுக்க வேண்டியிராது என்ற தெம்பில் வந்த தாராளம் அது.

நர்ஸைப் பிடித்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்பது என்று டபுள் டயர் தீர்மானித்தார். அன்றைக்குத் தங்கை பஸ்ஸில் ஏறினாள். போஸ்டரைப் பார்த்துவிட்டாள் என்று முகமே சொன்னது.

"அண்ணா, எனக்காகவா ஓடறே?"

"பின்னே வேற யாருக்காம்?"

சொன்ன பிறகு எப்படி வாபஸ் வாங்குவது?

முதல் நாள் பயிற்சியில் தெருமுனை வரை போய், மின்கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். மனைவி வாசலில் நின்று, "என்னங்க, கம்பத்தை விடுங்க, அக்கம்பக்கம் பார்க்குது," என்றாள். மறுநாளும் கம்பம்தான். கண்டக்டர்தான் அவருக்கு வழி கண்டுபிடித்தான்.

"அண்ணே, நீங்க மொத்த தூரத்தையும் ஓடணும்னு யார் சொன்னது? அடுத்த ஸ்டாப் வரைக்கும் ஓடுங்க. அங்க நில்லுங்க. நான் விசில் கொடுத்தா எடுங்க."

அவனுடைய யோசனை பலித்தது. ஒரு விசில் கேட்டால் நிற்பதும் இரண்டு விசில் கேட்டால் கிளம்புவதும் அவர் ரத்தத்திலேயே ஊறிப்போனவை. மூளை 'முடியாது' என்று முடிப்பதற்குள் கால் கிளம்பிவிடும். சில மாதங்களில் தொப்பையில் ஒரு டயர் காணாமல் போனது. நண்பர்கள் பெயரை மட்டும் மாற்றவில்லை.

ஓட்டத்தன்று விடிந்ததும் எல்லோரும் ஆஸ்பத்திரி வாசலில் கிளம்பினார்கள். இளவட்டங்கள் சிட்டாய்ப் பறந்துவிட்டார்கள். டபுள் டயர் பழகிய பாதையில் பழகியபடியே போனார். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் நின்றார். பின்னால் மொபெட்டில் வந்த கண்டக்டர் இரண்டு விசில் கொடுத்து, "ரைட், போலாம்!" என்றான். கிளம்பினார். திருப்பங்களில் இவர் கை தன்னால் ஹாரனைத் தேடியது. ஸ்டாப்புகளில் நின்ற ஜனங்கள், "அண்ணே, ஒரு டிக்கெட்!" என்று கிண்டலடித்தார்கள். கிண்டலடித்தவர்களே கூடவே கொஞ்ச தூரம் ஓடியும் வந்தார்கள்.

அவர் ஓட்டியிருக்க வேண்டிய தண்ணீர் வண்டி பின்னால் வந்தது. அதில் தங்கை உட்கார்ந்திருந்தாள். ஸ்டாப்புக்கு ஸ்டாப் அவளே இறங்கி அண்ணனுக்குத் தண்ணீர் கொடுத்தாள். அவள் குடிக்கும் தண்ணீருக்கு டாக்டர் அளவு வைத்திருந்தார். இவர் அண்ணாந்து மடக்மடக்கென்று குடிக்கும்போது, அவள் தன் தொண்டையே நனைவது போல ரசித்துப் பார்த்தாள். அதைப் பார்க்கப் பார்க்க அவருக்குத் தண்ணீர் இறங்க மறுத்தது.

கடைசிக்கு முந்தைய ஸ்டாப், மேட்டின் அடிவாரம். பஸ்ஸே முதல் கியரில் முனகிக்கொண்டு ஏறும் மேடு. வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. கண்டக்டர் இரண்டு விசில் கொடுத்தான். கால் கிளம்பவில்லை. மறுபடியும் கொடுத்தான். டபுள் டயர் நிழற்குடையின் சிமென்ட் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"போதும்டா. இன்ஜின் சீஸ் ஆயிடுச்சு."

தங்கை வண்டியை விட்டு இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். மறைத்து வைத்திருந்தது அவருக்கு வாய் வரை வந்துவிட்டது.

"உன்கிட்ட ஒரு உண்மையைச் சொல்லணும்மா. நான் ஓடறேன்னு சொல்லவே இல்ல. ஓட்டறேன்னுதான் சொன்னேன். அந்த நர்ஸம்மா தப்பாக் கேட்டுட்டாங்க."

"தெரியும்."

"எப்படி?"

"நீ போன்ல கத்தினப்போ உன் பின் சீட்ல யார் உக்காந்திருந்தா? நான்தானே! 'ஓட்டறேன்'னு நல்லாவே கேட்டுச்சு."

"அடிப்பாவி! தெரிஞ்சுக்கிட்டேதான் எனக்காகவான்னு கேட்டியா? ஏன்டி சொல்லல?"

"சொல்லியிருந்தா ஓடியிருப்பியா?"

அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வயிறு குலுங்கச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அழுகையும் அதில் பாதி இருந்தது. தங்கை எழுந்து போய்க் கண்டக்டர் கையிலிருந்து விசிலைப் பிடுங்கினாள். நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறவள். கன்னம் உப்ப, கழுத்து நரம்பு புடைக்க, ஊதினாள். முதல் விசில் பாதியில் இருமலாகிவிட்டது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்று, மூச்சைச் சேர்த்து, இரண்டாவதை ஊதினாள். அது மேடு முழுக்கக் கேட்டது.

டபுள் டயர் எழுந்தார்.

முதல் கியர். அரை அடி, அரை அடியாக மேட்டில் ஏறினார். உச்சியைத் தாண்டியதும் இறக்கத்தில் ஊர் தெரிந்தது, பஸ் நிலையம் தெரிந்தது, வாசல் கொள்ளாத கூட்டம் தெரிந்தது. டிப்போவில் இருந்த பஸ்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஹாரன் அடித்தன. தன் பஸ் வழக்கமாக நிற்கும் இடத்துக்கே நேராக ஓடிவந்து, வெள்ளைக் கோட்டைத் தாண்டாமல் நின்றார். ஊரே அவரைத் தூக்கிக்கொண்டது. கனமாகத்தான் இருந்திருப்பார், யாரும் கீழே விடவில்லை. முடித்துவிட்டோம் என்கிற சந்தோஷத்தில் அவர் குழந்தை மாதிரி கத்தினார். சிமென்ட் கடை முதலாளி விசிலடித்துக் கைதட்டினார். பிறகுதான் அவருக்குத் தன் சவால் ஞாபகம் வந்தது. முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! ஆனாலும் சொன்ன சொல் தவறவில்லை மனிதர்.

இயந்திரம் வந்த பிறகு, ஒரு காலை நேரம். பஸ்ஸில் ஏறிய புது ஆள் ஒருவர், ஓட்டுநருக்குப் பின்னால் ஜன்னலோர சீட்டைக் காட்டி, "இங்க யாராவது வர்றாங்களா?" என்று கேட்டார்.

டபுள் டயர் கண்ணாடியில் அந்த சீட்டைப் பார்த்தார். அதே நேரம் ஊர் ஆஸ்பத்திரியில், வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், தங்கை படுத்தபடி நர்ஸோடு வாயடித்துக்கொண்டிருப்பாள்.

"யாரும் வரமாட்டாங்க, சார். இனிமே வரவே மாட்டாங்க. நீங்க தாராளமா உக்காருங்க," என்றார் அவர், வாயெல்லாம் பல்லாக.