இருவர் பிடிக்கும் போர்வை

“அப்ப வின்ரருக்குச் சாடியளை ஆர் மூடுறது?”

“அதுக்கு நான் வருவன்.”

“அதுக்கு மட்டும் வந்தாப் போதும்.”

ஐந்து வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சமையலறை மேசையில், நிரஞ்சனியும் அவள் கணவர் மகேந்திரராசாவும் பேசிக்கொண்டது அவ்வளவுதான். அவர் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார். சென்ட் லோரன்ட்டில் விமான உதிரிப்பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் ஆட்களைக் குறைத்தபோது அவருக்கும் வேலை போயிருந்தது. ரொறொன்ரோப் பக்கம் ஸ்காபரோவில் அச்சகம் வைத்திருந்த அவருடைய தம்பி, வந்து கூட நில்லுங்கோ என்று கூப்பிட்டிருந்தான். ஆறு மாதம், கூடினால் ஒரு வருடம் என்றுதான் பேச்சு. உரித்த பழத்தில் பாதியை அவள் பக்கம் தள்ளிவிட்டு மற்றப் பாதியை அவர் சாப்பிட்டார். தான் சொன்னது அவரைச் சுடும், ஏன் அப்படிச் சொல்கிறீர் என்று கேட்பார், அப்போது மனதில் இருப்பதைச் சொல்லிவிடலாம் என்று நிரஞ்சனி காத்திருந்தாள். அவர் தோல்களைக் கூட்டி எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டுப் பெட்டி அடுக்கப் போனார்.

சொன்ன சொல்லை அவர் தவறவிடவில்லை. நவம்பரில் ஒருமுறை, ஏப்ரலில் ஒருமுறை என்று வருடத்தில் இரண்டு தடவை, ஆறு மணி நேரம் ரொறொன்ரோ பஸ்ஸில் இருந்து வந்து இறங்குவார். சண்டை என்று ஒன்றும் இல்லை. ஊர்ச்சனம் கேட்டால் இருவருமே, “வேலைக்காக அங்க” என்று ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்.

லொங்குய்யில் இருந்த அவர்களுடைய வீட்டின் பின்வளவில் மூன்று பெரிய மேப்பிள் மரங்கள் இருந்தன. வந்த புதிதில் தக்காளியும் மிளகாயும் வைத்துப் பார்த்துத் தோற்ற பிறகுதான், நிழலே போதும் என்று சொல்லும் செடி ஒன்று இருப்பதை அவர்கள் அறிந்தார்கள். ஹொஸ்ட்டா. பூவுக்காக அல்ல, இலைக்காக வளர்ப்பது. நீலம் பாய்ந்த பச்சை, எலுமிச்சை மஞ்சள், வெள்ளைக் கரை வைத்த பச்சை என்று எத்தனையோ வகை. ஒரு செடியைக் கிழித்து நாலாக்கி, நாலைப் பத்தாக்கி, வளவு நிறையச் சாடிகளானதும் வாசலில் ஒரு பலகை எழுதி வைத்தார்கள். மே மாதம் பிறந்தால் ஆற்றுக்கு அப்பால் நகரத்திலிருந்தும் கார்கள் வரும். பிரெஞ்சு பேசி விற்பது நிரஞ்சனி. மண் கலப்பதும் சாடி தூக்குவதும் மகேந்திரராசா.

குளிரில் ஹொஸ்ட்டா சாவதில்லை, உறங்கும். ஆனால் சாடிக்குள் இருக்கும் வேர், நிலத்தில் இருக்கும் வேரைப்போல் தாங்காது. மண் உறையத் தொடங்கும் நாட்களில் சாடிகளை நெருக்கி அடுக்கி, வளவின் அகலத்துக்கு ஒரு தடித்த வெள்ளைப் போர்வையை இழுத்து மூடி, ஓரமெல்லாம் கல் வைக்கவேண்டும். அதை ஒருவரால் இழுக்க முடியாது. காற்று பிடுங்கிக்கொண்டு போய்விடும். ஒரு தலைப்பில் அவள், மறு தலைப்பில் அவர். நடுவில் முழு வளவு. “இழும்” என்று அவர் கத்துவார், “விடுங்கோ” என்று அவள் கத்துவாள். அந்த ஐந்து வருடங்களில் அவர்கள் குரல் உயர்த்திப் பேசியது அந்த நாட்களில்தான்.

இந்த ஏப்ரலிலும் வந்தார். மப்பான நாளாகப் பார்த்துப் போர்வையை எடுத்தார்கள். வெயில் பட்டால் புது முளைகள் கருகிவிடும். சுருட்டிய குடைகளைப்போல் ஊதா முனைகள் மண்ணைப் பிளந்துகொண்டு நின்றன. போர்வையை மடிக்க இருவரும் தலைப்போடு தலைப்புச் சேர்க்க வந்தபோது, அவர் ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு மெதுவாக நிமிர்ந்தார்.

“முதுகு முந்தி மாதிரி இல்லை. நவம்பர் ஒருக்கா வருவன். பேந்து ஆரையும் சம்பளத்துக்குப் பிடியும்.”

“ம்.”

“தம்பியும் பேஸ்மென்றைத் திருத்தித் தாறன் எண்டுறான். தனிச் சமையலறையோட.”

“நல்லது” என்றாள் நிரஞ்சனி. போர்வையின் மூலைகள் சரியாகப் பொருந்தவில்லை என்று மறுபடி விரித்து மடித்தாள்.

அவர் போன மறுநாள் செடி கிழிக்க உட்கார்ந்தாள். முன்பெல்லாம் அது இரண்டு கத்தி வேலை. அவள் ஒரு கத்தியால் வேர்க்கட்டியை வெட்டும்போது மற்றக் கத்தி அவர் பக்கத்து வாளியில், பிளீச் தண்ணீருக்குள் கிடக்கும். வெட்டி முடித்துக் கையை நீட்டினால் கழுவின கத்தி கைக்கு வரும், அழுக்குக் கத்தி வாளிக்குப் போகும். ஏன் என்று இருவரும் யோசித்ததில்லை, முதலில் வாங்கிய புத்தகத்தில் அப்படிப் போட்டிருந்தது. அவர் போன முதல் வருடம் அவளே எழுந்தெழுந்து கழுவினாள். இரண்டாம் வருடம் இடைக்கிடை. பிறகு ஒரு கத்திதான். துணியில் துடைத்தாள். துடைத்தால் சுத்தமாகத்தான் தெரிந்தது.

ஜூனில் ஒரு செடியில் அந்த இலையைக் கண்டாள். வெளிர் மஞ்சள் இலையின் நரம்புகள் நெடுகப் பச்சை மை ஊறிப் படர்ந்ததுபோல் இருந்தது. இப்படி ஒரு இலையை அவள் கண்டதே இல்லை. ஹொஸ்ட்டாவில் சிலவேளை தானாகவே புது வகை பிறக்கும், கண்டுபிடித்தவருக்கே பெயர் வைக்கும் உரிமை. கல்கரியில் இருக்கும் மகள் லக்சனாவுக்குப் படம் அனுப்பினாள். ‘வாவ் அம்மா’ என்று ஒரு வரி வந்தது. கணவருக்கு அனுப்பவில்லை. நவம்பரில் வரும்போது நேரே காட்டவேண்டும், அவர் குனிந்து பார்க்கவேண்டும் என்று நினைத்தாள். அந்தச் சாடியைச் சமையலறை யன்னலுக்கு நேரே மாற்றி வைத்தாள். கோப்பை கழுவும் நேரங்களில் அதோடு பேசுவதும் உண்டு.

அதைக் கண்டு முகம் மாறியவர் கமலினி. புரோசார்ட்டில் இருக்கும் சென்னைக்காரர், தாவரவியல் படிப்பித்து ஓய்வுபெற்றவர், ஒவ்வொரு கோடையிலும் வருபவர்.

“நிரஞ்சனி, இந்த மாதிரி இலை எத்தனை செடில இருக்கு?”

“இப்ப நாலைஞ்சில கண்டனான். வடிவெல்லே?”

“அழகாத்தான் இருக்கு. அதான் பிரச்சனையே. இது வைரஸ்ம்மா. முன்னாடி இதைப் புது வெரைட்டின்னு வித்தவங்களே இருக்காங்க.” கமலினி இலையைத் தொடாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். “கத்தியில பரவும். மருந்து கிடையாது. பிடுங்கிப் போடறதுதான். வெட்டறப்போ ஒவ்வொரு தடவையும் கழுவுவீங்க இல்ல?”

நிரஞ்சனி குழாயை மூடப் போனாள். அது மூடித்தான் இருந்தது.

கமலினி தருவித்துக் கொடுத்த சோதனைக் கீற்றுகளில், வைரஸ் இருந்தால் விழும் கோடு விழுந்துகொண்டே போனது. இலையில் ஒன்றும் தெரியாத செடிகளிலும் விழுந்தது. தனியாக இருந்த வருடங்களில் அவள் கிழித்து நட்ட வரிசைகள்தாம் எல்லாம். வாங்கியவர்களுக்கு ஒவ்வொருவராகத் தொலைபேசியில் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். ஓகஸ்ட்டில் அவளுடைய சிநேகிதி, மன்னார்க்காரி அஞ்சலீனா கையுறையோடு வந்து நின்றாள். இருவருமாகச் செடிகளை மண்ணோடு கறுப்புப் பைகளில் கட்டினார்கள்.

“உம்மட்ட வாங்கிக் கோயில் மாதா கெபியில வைச்ச ரெண்டையும் பிடுங்கிப்போட்டன்” என்றாள் அஞ்சலீனா. “மாதாவின்ர காலடியில நிண்டதுக்கே வருத்தம் தொத்தியிருக்கு. ஃபாதர் ஒண்டும் சொல்லேல்லை, மெழுகுதிரி ஒண்டு கொளுத்தினவர்.”

நிரஞ்சனிக்குச் சிரிப்பு வந்தது. பல நாட்களுக்குப் பிறகு வந்த சிரிப்பு என்பதால் நிற்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

“மகேன் அண்ணைக்குச் சொன்னனீரோ?”

“இல்லை.”

“ஏனப்பா?”

“மூட ஒண்டும் இல்லையெண்டு தெரிஞ்சா வரமாட்டார்.”

அஞ்சலீனா பையின் வாயை முறுக்கிக் கட்டினாள். “அப்ப மனுசன் செடியைப் பாக்கத்தான் வாறாரெண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறீர்.”

“வேற என்னத்துக்கு?”

“எனக்கென்ன தெரியும்? நீர்தானே கேக்கோணும்.”

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் ஃபோன் எடுப்பார். அங்கே மழையா, இங்கே மழையா என்று பேசுவார்கள். செடியள் எப்பிடி என்று கேட்பார். இருக்கு என்பாள். அது பொய்யும் இல்லை. வேலி மூலையில், அவர் இருந்த காலத்துத் தாய்ச்செடிகள் கொஞ்சம் தப்பியிருந்தன. ஒக்ரோபரில் மேப்பிள் இலைகள் வெறும் நிலத்தில் விழுந்தன. முன்பு சாடிகளுக்கு இடையில் இருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கவேண்டியிருக்கும், முதுகு ஒடியும். இப்போது வாரியால் ஒரே இழுப்பாக இழுக்க முடிந்தது. வேலை முடிந்த பின்னும் வெளிச்சம் மிச்சமிருந்தது. தேத்தண்ணியோடு யன்னலடியில் நின்றால் அடுத்த வீட்டு வேலி வரை பார்வை எதிலும் தடுக்காமல் போனது. ஏணி இரவல் கேட்க வந்த பக்கத்து வீட்டு மதாம்கூட, “எவ்வளவு பெரிய வளவு” என்றுதான் சொல்லிவிட்டுப் போனாள். மூலையில் நின்ற சாடிகளைப் பார்த்தால் ஒரு படுக்கை விரிப்பே போதும்போல் இருந்தது. அவளே ஒரு காலையில் மூடிவிடலாம். மூடவில்லை.

நவம்பரில் அவர் வந்தார். இரவு பஸ்ஸில் வந்தவரைக் காலையில் மெற்றோ வாசலில் காரில் ஏற்றி வந்தாள். சப்பாத்தோடு நேரே பின்வளவுக்குப் போனவர், படியிலேயே நின்றுவிட்டார்.

“எங்க எல்லாம்?”

சொன்னாள். இலையைப் பற்றி, கீற்றுகளைப் பற்றி, பைகளைப் பற்றி. கத்தியைப் பற்றி அவள் சொல்லவில்லை. அவரே கேட்டார்.

“வாளி?”

“ஒரு ஆளுக்கு எழும்பி எழும்பிக் கழுவக் கஷ்டமாயிருந்தது.”

அவர் படியிறங்கி வளவை ஒருமுறை சுற்றி நடந்தார். பிறகு கொட்டிலுக்குப் போய்ப் போர்வையைத் தூக்கி வந்தார். இவ்வளவு பெரியது தேவைப்படவில்லை, மடித்து, மறுபடி மடித்தார்கள். இந்தமுறை கத்த வேண்டியிருக்கவில்லை. அவருடைய மூச்சே அவளுக்குக் கேட்டது. முன்பு இரண்டு நாள் எடுத்த வேலை, மதியத்துக்கு முன்னம் முடிந்துவிட்டது.

“இதை நீர் தனியவே செய்திருக்கலாம்.”

“ஓம்.”

“ஃபோனில ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா...”

“சொல்லியிருந்தா வந்திருப்பியளோ?”

 அவர் மிஞ்சிய கற்களைச் சுவரோரம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். உள்ளே போய்ச் சோறு சாப்பிட்டார்கள். மீன்குழம்பு நல்லாயிருக்கு என்றார். கோப்பையைத் தானே கழுவி வைத்தார். ஃபோனை எடுத்துப் பார்த்துவிட்டு, பின்னேரம் ஒரு பஸ் இருக்கிறது, இடமும் இருக்கிறது என்றார்.

“ஏப்ரலிலும் இனி ஆள் தேவைப்படாது போல.”

“தேவைப்படாது” என்றாள்.

பின்கதவுப் படியில் உட்கார்ந்து அவர் ஒரு சப்பாத்தை மாட்டி நாடாவைக் கட்டினார். மற்றதைக் கையில் எடுத்துத் தட்டினார். உலர்ந்த மண் உதிர்ந்தது. அவரைப் பஸ்ஸுக்கு ஏற்றிப்போக எடுத்த கார்த் திறப்பு அவளுடைய கைக்குள் சூடேறியிருந்தது. அவரை மறிக்க ஒரு சாட்டுத் தேடினாள். தண்ணீர்க் குழாய், கூரைப் பீலி, கொட்டில் கதவு. எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. அவள் திறப்பைப் படியில் வைத்தாள்.

“இஞ்சேருங்கோ.”

அவர் நிமிர்ந்தார்.

“இஞ்ச உங்களுக்குச் செய்ய ஒரு வேலையும் இல்லை. ஒண்டுமே இல்லை.” படியில் இறங்கி அவருக்கு முன்னால் நின்றாள். “போகாதேங்கோ. என்னோட இருங்கோ.”

ஒரு காலில் சப்பாத்தும், மறுகாலில் சாம்பல் நிறக் கம்பளிக் காலுறையுமாக மகேந்திரராசா எழுந்து நின்றார். ஈரப் படியின் குளிர் காலுறைக்குள் ஏறிக்கொண்டிருந்தது. அவர் காலை எடுக்கவில்லை. கையில் இருந்த சப்பாத்தை மாட்டாமல், படியில் கிடந்த திறப்புக்குப் பக்கத்தில் வைத்தார்.