தலைகீழாக அடுக்கிய பாறை

என் அக்கா புருஷன்தான் எனக்கு மேலதிகாரி. என் தலையெழுத்து முழுக்க இந்த ஒரு வரியில் அடங்கிவிடும். மணற்பாறையின் எந்தத் துளையில் எண்ணெய் தங்கும், எதைக் களிமண் அடைத்திருக்கும் என்று நுண்ணோக்கியில் கண்ணைக் கெடுத்துக்கொண்டு நான் எழுதிய ஆய்வை, அத்தான் தன்னுடையதாக மேடையில் வாசித்துத் தலைமைப் பதவியை வாங்கிக்கொண்டார். கேட்டதற்கு, "குடும்பத்துக்குள்ள என்னம்மா உன்னுது என்னுது?" என்றார். அன்றிலிருந்து அவரைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

புது எண்ணெய்க் கிணற்றிலிருந்து வெட்டியெடுத்த பாறை உருளைகள் வந்தன. நிறுவன இயக்குநர் வருகிறார் என்ற பரபரப்பில் அத்தானே பெட்டிகளைப் பிரித்து மேசையில் அடுக்கினார். ஒவ்வோர் உருளையின் மீதும் சிவப்பும் கறுப்புமாக இரண்டு கோடுகள் நெடுக ஓடும். சிவப்பு வலப்பக்கம் இருந்தால்தான் பாறை பூமிக்குள் இருந்தபடியே நேராக இருக்கிறது என்று அர்த்தம். அத்தான் அடுக்கியதில் சிவப்பு இடப்பக்கம் இருந்தது, அதாவது பாறை தலைகீழாக.

அடியில் பரல்கல்லும் மேலே பொடிமணலுமாக இருந்தால் அது பழங்காலத்து ஆறு. ஒடுங்கிய பட்டை, கொஞ்சம் தள்ளித் தோண்டினாலும் களிமண்தான். அதையே கவிழ்த்து வைத்தால் கடலோர மணல்திட்டு மாதிரி தெரியும். திட்டு என்றால் அகலமாகப் பரந்து கிடக்கும்.

"கடலோரத் திட்டு சார். கிழக்கால இன்னொரு கிணறு தாராளமா போடலாம்" என்ற அத்தான், என் பக்கம் திரும்பினார். "என்னம்மா, சரிதானே?"

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும், அத்தான்."

சொல்லும்போதே நாக்கு இனித்தது.

கிழக்குக் கிணற்றில் அடிவரைக்கும் களிமண்தான் வந்தது. விசாரணை நாளில் உருளைகளை நான் அடுக்கினேன், சிவப்பு வலப்பக்கமாக. இயக்குநர் கோடுகளைப் பார்த்தார், அத்தானைப் பார்த்தார். அத்தான் முகத்தில் ஈயாடவில்லை.

"இத எப்பம்மா கண்டுபிடிச்சீங்க?" என்று இயக்குநர் என்னைக் கேட்டார்.

நேற்றுதான் என்று சொல்லியிருந்தால் அத்தானின் நாற்காலி எனக்கு வந்திருக்கும். ஆனால் அவர் தன் அவசரத்தால் கெட்டார் என்றாகிவிடும். நான் கெடவிட்டேன் என்பது அவருக்குக் கடைசிவரை தெரியாமல் போய்விடும். அதை என்னால் பொறுக்க முடியாது.

அத்தானைப் பார்த்தே சொன்னேன். "அன்னிக்கே தெரியும் சார்."

இருவருக்கும் ஒன்றாகவே வேலை போனது. வெளிக்கதவு வரைக்கும் கூடவே வந்த அத்தான், அங்கே நின்றார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா."

"சொல்லியிருக்கலாம்" என்றேன்.