ஒன்பதாவது வட்டம்

1

இந்தக் கதையை என் மனைவியின் மேசையிலிருந்து திருடினேன். முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன், இல்லாவிட்டால் அவளே போட்டுக்கொடுத்துவிடுவாள். தொல்லியல் துறையில், விமானத்திலிருந்து எடுத்த வயல் படங்களைப் பார்ப்பது அவள் வேலை. மழை இல்லாத வருடம் பயிர் வாடும்போது, என்றோ தோண்டி மூடிய பள்ளங்களின் மேல் மட்டும் பச்சை நிற்கும். அடியில் ஈரம் தங்கியிருக்கும். ஆதிமனிதர்கள் குடிசையைச் சுற்றி வெட்டிய பள்ளங்கள் மேலிருந்து வட்டம் வட்டமாகத் தெரியும்.

2

தொடக்கம்: மண் எதையும் மறப்பதில்லை, அது—

(அடித்துவிட்டேன். மனைவி எட்டிப் பார்த்து, "மண்ணுக்கு மூளையா இருக்கு? ஒழுங்கா எழுதுங்க" என்றாள்.)

ஒழுங்காக: ஒரு படத்தில் ஒன்பது வட்டங்கள். வயல் அவள் அண்ணனுடையது.

3

மச்சானை வில்லனாக்கப் பார்த்தேன். முடியவில்லை, மனுஷன் அவ்வளவு நல்லவர். பயிர் காய்ந்துபோயிற்று. அடுத்த மழையையாவது பிடித்துவைக்கக் குட்டை வெட்டியாக வேண்டும். அதற்குத் தோதான தாழ்வான இடம் கீழ்மூலை ஒன்றுதான். அங்கேதான் ஒன்பதாவது வட்டம். சின்னது, ஆனால் எல்லாவற்றையும்விடப் பச்சை. "தலைவன் வீடாக இருக்கலாம்" என்று அறிக்கையில் எழுதிவைத்திருந்தாள். அறிக்கை மேலிடத்துக்குப் போய்விட்டால் சட்டப்படி அங்கே மண்வெட்டி படக்கூடாது. இரண்டு மாதமாக அண்ணன் தங்கைக்குள் பேச்சு இல்லை. நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தது நான்.

4

நேற்று மச்சானே வந்து படத்தைக் கேட்டார். கீழ்மூலையில் விரலை வைத்தார்.

"ஏய், இது நாம தோண்டினதுடி! ஸ்கூல் லீவுல, கோட்டைன்னு சொல்லி. அப்பா திட்டிக்கிட்டே ஒரு வண்டி எருவைக் கொட்டி மூடினாரே!"

இருபது வருட அனுபவசாலி பூதக்கண்ணாடியை எடுத்துப் படத்தின் மேல் குனிந்தாள்.

"தலைவன் வீடுன்னு சரியாத்தான் எழுதியிருக்க."

"யாரு தலைவன்? நான்தான் ராணி. நீ காவக்காரன்."

கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். எனக்கு அப்பாடா என்றிருந்தது. அறிக்கையில் ஒன்பதை எட்டாகத் திருத்தினாள்.

"இனி தோண்டிக்கோண்ணா."

அவர் படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அந்த எட்டையும் சட்டம் பாத்துக்கும். இதை யாரு பாத்துக்குவா?"

5

முடிவு அ: வெட்டுகிறார். தண்ணீர் நிற்கிறது, அடுத்த பயிர் பிழைக்கிறது. (நியாயம்தான். ராணிக்குத்தான் கோட்டை இல்லை.)

முடிவு ஆ: மனசு வராமல் விட்டுவிடுகிறார். அடுத்த பயிரும் போகிறது. (இப்படி எழுதினால் எனக்கு வீட்டில் சோறு கிடையாது.)

முடிவு இ: பொக்லைன் வந்து வயலோரம் நிற்கிறது. வட்டத்துக்குள் அண்ணனும் தங்கையும். வாசல் எந்தப் பக்கம் இருந்தது என்று சண்டை. "ஆரம்பிக்கட்டுமா சார்?" என்று ஓட்டுநர் என்னைக் கேட்கிறார். நான் உங்களைப் பார்க்கிறேன்.

சீக்கிரம் சொல்லுங்கள், இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது.