மயூரியின் கால்களை நேர்ந்துவிட்டவர்கள்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது சிரம்பான் லோபாக்கில், ஹபீப் கடையில், முதல் ரொட்டி சானாய்க்கும் இரண்டாவதற்கும் நடுவில். பக்கத்து மேசையில் இரண்டு பேர் மயூரியைப் பற்றி மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். மயூரி யாரென்றால், ரந்தாவ் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் பிறந்து மாநிலத்துக்காக மாரத்தான் ஓடுகிற பெண்.

"மாசம் ஒரு மாரத்தான் ஓடுனா கால் என்னாத்துக்கு ஆவும்? அவளுக்கு இருக்கற வேகத்துக்கு இந்நேரம் எங்கயோ போயிருக்கணும்."

"ஓட ஓடத்தான்லா வேகம் வரும். சும்மா ஒக்காந்தா வருமா?"

தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்த ஹபீப் திரும்பாமலே சொன்னார்: "புளிக்கொழம்ப தெனம் சூடு பண்ணா ருசி ஏறும். மீன தெனம் சூடு பண்ணா முள்ளுதான் மிஞ்சும். அந்தப் பொண்ணு கொழம்பா, மீனான்னு மொதல்ல கண்டுபிடிங்க."

அன்றைக்கே எழுத உட்கார்ந்துவிட்டேன். நான் வாழ்க்கையில் ஓடியதெல்லாம் பஸ்ஸுக்குப் பின்னால் மட்டும்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

2

முதல் தொடக்கம்: 'பனி விலகாத செம்பனைகளுக்கு நடுவே மானைப் போல ஒரு' — அடித்துவிட்டேன். இந்தப் பக்கம் மான் ஏது? காட்டுப்பன்றிதான் உண்டு.

இரண்டாவது: 'மாரத்தானில் கிழிந்த தசை முழுதாக ஆற எத்தனை வாரம் பிடிக்கும் என்பதில் நிபுணர்களிடையே' — கொட்டாவி வந்தது. எனக்கே.

மூன்றாவது: 'செல்லம்மா மாரியம்மனுக்கு மயூரியின் கால்களை நேர்ந்துவிட்டபோது மயூரி பல் தேய்த்துக்கொண்டிருந்தாள்.'

இது நிற்கும். இதை வைத்துக்கொள்வோம்.

3

ஆடு நேர்ந்துவிடுவார்கள், சேவல் நேர்ந்துவிடுவார்கள். கால்களை யாராவது நேர்ந்துவிடுவார்களா? மயூரி குடியிருக்கும் தோட்ட லயத்தில், அந்த வரிசை வீடுகளில், செய்தார்கள்.

ஆரம்பித்து வைத்தது மயூரியின் அம்மா. கண் அறுவைக்கு முன்னால், "பார்வை திரும்பிட்டா எம் மக ஒரு மாரத்தான் ஓடி முடிப்பா, தாயே" என்று வேண்டிக்கொண்டாள். பார்வை திரும்பியது. மயூரியும் ஓடினாள். அவ்வளவுதான், லயம் முழுக்க வழி தெரிந்துவிட்டது. காவடி தூக்கத் தோள் வலிக்கும், தீ மிதிக்கப் பயமாயிருக்கும். மயூரியோ எப்படியும் ஓடுகிறவள். ஒரு வீட்டில் மருமகளுக்குச் சுகப்பிரசவம் ஆக வேண்டும், இன்னொரு வீட்டில் மகனுக்கு சிங்கப்பூரில் வேலை கிடைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மயூரி ஓடுவாள்.

(பிள்ளைக்கு மொட்டை, புருஷனுக்குக் காவடி என்று தன் வீட்டு ஆளை நேர்வது எங்கும் உள்ளதுதான். பக்கத்து வீட்டுக்காரியின் முழங்காலை நேர்ந்துகொள்வது மட்டும் இவர்களுடைய சொந்தக் கண்டுபிடிப்பு.)

அவளால் மறுக்க முடியவில்லை. கேட்டது நடந்த பிறகுதான் அவளிடமே சொல்வார்கள். செலுத்தாமல் விட்டு, பிறந்த குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? அந்தப் பாவத்தை யார் சுமப்பது? அதற்கு நாற்பத்திரண்டு கிலோமீட்டர் எவ்வளவோ மேல்.

4

மயூரியின் கணவன் பிரேமநாதன் கதைக்குள் வர வேண்டிய இடம் இது. அவன்மேல் எனக்குச் சந்தேகம். சிரம்பானில் பிசியோதெரபிஸ்ட், கிராணி வீட்டுப் பேரன். அவன் தாத்தா தோட்ட ஆபீசில் கணக்கு எழுதியவர்; நேர்த்திக்கடன், மொட்டை எல்லாம் அந்த வீட்டில் கிடையாது. சொல்வதெல்லாம் சரியாகச் சொல்கிற ஆள். இப்படிப்பட்டவர்களை வாசகருக்குப் பிடிக்காது. அவனுக்கு ஒரு குறட்டையாவது கொடுக்கலாமா என்று பார்த்தேன். கொடுத்தாயிற்று.

"வருஷத்துக்கு ரெண்டு போதும், மயூரி. நீ இதுவரைக்கும் ஒரு ஓட்டம்கூட முழுசா ஆறுன காலோட ஓடல. ஒன்னோட நெச வேகம் என்னன்னு எனக்கே தெரியாது."

"அடிக்கடி ஓடியே சாதிச்சவங்க இல்லியா?"

"இருக்காங்க. ஒடஞ்சு போனவங்க அதவிட அதிகம். நீ எந்தப் பக்கம்னு ஒருவாட்டி ஓய்வெடுத்துப் பாத்தாத்தானே தெரியும்?"

நவம்பரில் கோலாலம்பூரில் தேசிய அணிக்கான தேர்வு ஓட்டம். மயூரிக்கு முப்பத்து மூன்று வயது. இதை விட்டால் இன்னொரு தேர்வு அவளுக்கு இல்லை. இந்த முறையாவது ஆறிய கால்களோடு போவதென்று இருவரும் கைமேல் அடித்துப் பேசி முடித்திருந்தார்கள்.

அப்போதுதான் அதே லயத்துச் செல்லம்மா வந்தாள். அவள் கணவர் தர்மராஜ் இதய அறுவை முடிந்து நல்லபடியாக வீடு திரும்பியிருந்தார். செல்லம்மா வாசலிலேயே அழுதுகொண்டு நின்றாள். சந்தோஷ அழுகைதான். பிறகு சொன்னாள்:

"வேண்டிக்கிட்டேன் புள்ள. மலாக்கா ஓட்டத்துல நீ ஓடுவேன்னு."

மலாக்கா ஓட்டம் தேர்வுக்கு இரண்டே வாரம் முன்னால்.

"அக்கா, கோலாலம்பூர்ல எப்படியும் ஓடத்தான் போறா. அதையே கணக்குல வச்சுக்கலாமே?" என்றான் பிரேமநாதன்.

"பேர் சொல்லி வேண்டிட்டேனே, தம்பி. ரந்தாவ் டவுன்ல பேனர் கட்டியிருந்தாங்க. அதப் பாத்துட்டுத்தான் வேண்டினேன்."

5

(இங்கே ஒரு சண்டைக் காட்சி எழுதினேன். பிரேமநாதன் தட்டை வீசுகிறான், மயூரி கத்துகிறாள். எழுதி முடித்துப் படித்தால், இருவரும் டிவி நாடகத்தில் வருகிறவர்கள் மாதிரி இருந்தார்கள். உண்மையில் அவர்கள் சத்தம் போடுவதில்லை. அவன் துணி மடித்தான். அவளும் பக்கத்தில் உட்கார்ந்து மடித்தாள்.)

"முடியாதுன்னு சொல்லிட்டு வரேன்" என்று மறுநாள் மயூரி கிளம்பினாள்.

கதவைத் திறந்தவர் தர்மராஜ். செம்பனைக் குலை வெட்டி வெட்டி இறுகிப்போன மனிதர், ஒரு சட்டைக்குள் இரண்டு பேர் நுழையலாம் போல இளைத்திருந்தார். "ஒக்காரும்மா, மைலோ போடறேன்" என்று அவரே அடுப்படிக்குப் போனார். இரண்டு கையாலும் பிடித்துக் கோப்பையைக் கொண்டுவந்து வைத்தார். மயூரி கோப்பையைக் கையில் எடுத்தாள். எப்படிச் சொல்வாள்? 'உங்க உயிருக்கு நான் ஓட மாட்டேன்' என்றா?

"அண்ணே, நான் மலாக்காவுல..."

"செல்லம்மா சொன்னா. ஒன் வீட்டுக்காரரு மூஞ்சி செத்துப் போச்சுன்னும் சொன்னா." அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டார். "பொழச்சது நானு. நீ எதுக்கும்மா ஓடற?"

"அக்கா வேண்டிக்கிட்டாங்களே, அண்ணே."

"டாக்டர் தெனம் நடக்கச் சொல்லியிருக்காரு. எப்படியும் நடக்கணும். கொஞ்சம் கொஞ்சமா அந்த நாப்பத்தி ரெண்ட நானே நடந்து கழிச்சிடறேன்."

உள்ளேயிருந்து செல்லம்மா பாய்ந்து வந்தாள். "சோபா வாங்குன மாதிரியா? ஆத்தா தவணைல வாங்கிக்குவாளா?"

"கேட்டுப் பாப்போம்லா. கேட்டா என்ன கொறைஞ்சா போயிடும்?"

6

மாரியம்மன் கோயிலில் பூ வைத்துக் கேட்டார்கள். சிவப்பு அரளி ஒரு பொட்டலம், வெள்ளை அரளி ஒரு பொட்டலம், இரண்டும் இலையில் ஒரே மாதிரி மடித்தது. வெள்ளை வந்தால் தவணைக்கு ஆத்தா சம்மதம். சிவப்பு வந்தால் மயூரி மலாக்காவில் ஓடியே ஆக வேண்டும்.

முதலில் சிவப்பு என்றுதான் எழுதினேன். கதைக்கு அதுதான் நல்லது, ஆள் துடிக்கத் துடிக்கத்தான் கதை. ஆனால் மயூரி கண்ணை மூடிக்கொண்டு, மூச்சுக்கூட விடாமல், செல்லம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்கு மனசு கேட்கவில்லை. பொட்டலத்தை நான்தான் மாற்றி வைத்தேன். ஆத்தா என்னை மன்னிக்கட்டும்.

வெள்ளை.

மறுநாள் காலையிலிருந்து தர்மராஜ் செம்பனைகளுக்கு நடுவே நடந்தார், கூடவே செல்லம்மாவும் குடையும். "வேகமா நடக்காத, சாமி. அவசரப்பட்டு முடிச்சிடாத" என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே போனாள். மயூரி பல வருஷங்களில் முதல் முறையாக வீட்டு வாசலில் உட்கார்ந்து இன்னொருவர் செலுத்துவதைப் பார்த்தாள்.

7

நியாயமாகப் பார்த்தால் இங்கே கதை முடிய வேண்டும். ஆனால் ஒரு விஷயத்தை மயூரி யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள். இதை எழுதுகிற எனக்கு மட்டும் தெரியும்.

அவளுக்குப் பயம். முப்பது கிலோமீட்டர் தாண்டி, உடம்பு 'போதும், நில்' என்று கெஞ்சுகிற இடத்தில், அவள் இத்தனை வருஷமும் ஒரு முகத்தை நினைத்துக்கொண்டுதான் ஓடியிருக்கிறாள். அம்மாவின் கண், யாரோ ஒருத்தியின் குழந்தை. நின்றால் அவர்களுக்கு ஆகாது என்பதால்தான் நிற்கவில்லை. அந்த முகங்களை எடுத்துவிட்டால் உள்ளே என்ன இருக்கிறது? ஒன்றுமே இல்லாவிட்டால்?

ஹபீப், உங்கள் கேள்வி இப்போது எனக்கு இன்னும் சிக்கலாகிவிட்டது. அடிக்கடி ஓடியதுதான் அவளைக் கட்டிப்போட்டதா? அல்லது அதுதான் அவளை இவ்வளவு தூரம் கொண்டுவந்ததா?

தேர்வு நாள் அதிகாலையில் செல்லம்மாவின் போன் வந்தது. "லயம் முழுக்க கேட்டுட்டேன் புள்ள. இன்னிக்கு ஒன் மேல ஒருத்தரும் எதுவும் நேர்ந்துக்கல. ஒனக்காக ஓடு."

மயூரி போனைக் கணவனிடம் கொடுத்தாள். "பிரேம், கால் லேசா இருக்கு. ரொம்ப லேசா. பயமா இருக்கு."

அவன் தொப்பியைச் சரிசெய்துகொண்டே இருந்தான். இரண்டு நாளாகக் கழற்றாத தொப்பி. அவளே எட்டிக் கழற்றினாள்.

மொட்டை.

"நீங்களா? கிராணி வீட்டுப் பேரனா?"

"ஜெயிக்கணும்னு இல்ல," என்றான், காது வரை சிவந்து. "நீ வலியில்லாம ஓடி முடிக்கணும்னு. ஒன் காலக் கேக்காம என் தலையக் குடுத்துட்டேன். முன்கூட்டியே."

அவள் சிரித்தாள். அழவும் செய்தாள். அந்த மொட்டையில் ஒரு முத்தம் வைத்துவிட்டுத் தொடக்கக் கோட்டுக்கு ஓடினாள்.

8

மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் தேர்வாகிறாள். ஒன்றில் தேர்வாகவில்லை, ஹபீப் "மீன்" என்கிறார். மூன்றாவதில் அவள் முப்பதாவது கிலோமீட்டரில்... — அதை முடிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

துப்பாக்கி வெடித்துவிட்டது. அவள் போய்க்கொண்டிருக்கிறாள். முடிவை உங்களிடம் விடுகிறேன். நீங்களும் இந்நேரம் அவள் ஜெயிக்க வேண்டும் என்று மனசுக்குள் முனக ஆரம்பித்திருப்பீர்கள், தெரியும். தாராளமாக வேண்டிக்கொள்ளுங்கள்.

ஆனால் உங்கள் கால்களை வைத்து வேண்டிக்கொள்ளுங்கள்.