ஞாயிற்றுக்கிழமை இருமல்

மருந்துக்கடைக்காரருக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் இருமல் வரும். மற்ற ஆறு நாளும் கடையில் நின்று ஊரார் இருமலுக்கெல்லாம் மருந்து எடுத்துக் கொடுக்கிற மனிதர், ஒரு செருமல்கூடச் செருமியதில்லை. ஞாயிறு விடிந்து, பழைய பைக் சங்கத்தார் கூடுகிற டீக்கடை வாசலில் தன் வண்டியைக் கிளப்பக் காலைத் தூக்கினார் என்றால் போதும், குடலே வெளியே வந்துவிடும் போல ஓர் இருமல் புறப்படும். வண்டி கிளம்பியதும் இருமலும் நின்றுவிடும்.

சங்கத்தில் ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். ஒருவர் தேன் என்றார், ஒருவர் பெட்ரோல் வாடை ஒத்துக்கொள்ளவில்லை என்றார். தலைவர் மட்டும் ஒவ்வொரு வாரமும் ஒரே வார்த்தைதான் சொல்வார்.

"ஆவி பிடிங்கப்பா. ஞாயித்துக்கிழமை இருமலை அலட்சியமா விடக்கூடாது."

இந்த இருமலுக்கு ஆவியும் தேனும் ஒன்றும் செய்ய முடியாது. இது 'கிர்ர்' என்று ஒரு மோட்டார் சுற்றுகிற சத்தத்தை மறைப்பதற்காக இருமுகிற இருமல். விஷயம் தெரிந்தவர்கள் மூன்றே பேர்: மருந்துக்கடைக்காரர், அவர் மனைவி, ஒரு மெக்கானிக்.

சங்கத்துக்கு இருந்தது ஒரே சட்டம். வண்டியைக் கிக்கர் உதைத்துத்தான் கிளப்ப வேண்டும். தொடக்கத்தில் உண்மையிலேயே பழைய வண்டிகளை மட்டும்தான் சேர்த்தார்கள். அப்புறம், பழைய வண்டி மாதிரியே இப்போது புதிதாகச் செய்து விற்கிறார்களே, வட்ட ஹெட்லைட்டும் ஸ்பிரிங் வைத்த சீட்டுமாக, அவற்றையும் சேர்க்கலாமா என்று பெரிய சண்டை வந்தது. தலைவர் இரண்டு வாரம் யோசித்துவிட்டு, "புதுசா இருக்கட்டும், பரவாயில்ல. ஆனா உதைக்கணும். பட்டன் அமுக்கிக் கிளப்பறதுக்கு மிக்ஸி வாங்கிக்கலாம்" என்று தீர்ப்புச் சொன்னார். சொன்ன கையோடு, பட்டன் வண்டியில் வந்து நின்ற அச்சகக்காரர் ஒருவரை வாசலிலேயே திருப்பி அனுப்பினார். பாவம் அந்த மனிதர், புது ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி வண்டியைத் தள்ளிக்கொண்டே தெருமுனை வரை போனார். அங்கே பட்டனை அமுக்கினால் இவர்களுக்குக் கேட்டுவிடுமே என்று கூச்சம்.

மருந்துக்கடைக்காரரும் அப்போது அதே மாதிரி ஒரு பட்டன் வண்டிதான் வாங்கியிருந்தார். கரும்பச்சை டேங்க், அதில் கையால் இழுத்த தங்கக் கோடு. முதல்நாள் அதை வாசலில் நிறுத்திவிட்டு, சாப்பிடக்கூடப் போகாமல் சுற்றிச் சுற்றி வந்தவர். அச்சகக்காரருக்கு நடந்ததைத் தெருவுக்கு எதிர்ப்பக்கம் நின்று பார்த்தவர், மெதுவாக வண்டியைத் திருப்பிக்கொண்டு நேரே மெக்கானிக்கிடம் போனார். உடைத்துப் போட்ட பழைய வண்டி ஒன்றின் கிக்கரை மெக்கானிக் இவர் வண்டியில் ஒரு ஸ்பிரிங்கோடு மாட்டிக் கொடுத்தான். அமுக்கினால் இறங்கும், விட்டால் ஏறும். மற்றபடி அதற்கும் எஞ்சினுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. பட்டனைக் கழற்றி, இடது கைப்பிடிக்கு அடியில் திருகு மாதிரித் தெரியும்படி ஒளித்து வைத்தான்.

அடுத்த ஞாயிறு சங்கத்துக்குப் போய், "பட்டன் வண்டிதான் வாங்கினேன், மனசு கேக்கல, கிக்கர் மாட்டிட்டேன்" என்று அவர் சொன்னார். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்பதுதான் வேடிக்கை. சங்கமே கைதட்டியது. முதல் உதையிலேயே கிளம்பினால் சந்தேகம் வரும் என்று இரண்டு உதை வீணாக உதைத்து, மூன்றாவதில் இருமி, பட்டனை அமுக்கினார். எப்போது பார்த்தாலும் மூன்றாவதில் கிளம்புகிற வண்டியை அவர்கள் எங்கே கண்டார்கள்? அவரவர் வண்டியோடு வேர்த்து விறுவிறுத்து மல்லுக்கட்டுகிறவர்கள் அவர்கள். 'தங்கக்கால்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அந்தப் பெயர் அவருக்கு ரொம்பவும் பிடித்துப் போயிற்று. கடையில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, "சீக்கிரம் குடுங்க" என்றுதான் கூப்பிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் தெருமுனையில் திரும்பும்போதே "தங்கக்கால் வந்தாச்சு" என்று குரல் கேட்கும். அதைக் கேட்பதற்காகவே மற்ற ஆறு நாளையும் ஓட்டினார்.

இப்படி ஒரு வருஷம் ஓடியது. அப்புறம்தான் தலைவரிடமிருந்து போன் வந்தது.

தலைவர் ஓய்வுபெற்ற பல் டாக்டர். எதிரே வருகிறவர் சிரித்த சிரிப்பிலேயே எது பொய்ப்பல் என்று சொல்லிவிடுவார். அவருடைய வண்டி சங்கத்திலேயே மூத்தது, கறுப்பு நிறம், ஒற்றை சிலிண்டர். அது ஓடும்போது ஒவ்வொரு வெடிப்பையும் தனித்தனியாக எண்ணலாம். ஆனால் அவர் முட்டியில் ஆபரேஷன் ஆகி, மூன்று மாதமாக ஓட்டவில்லை.

"முட்டி டாக்டர் சொல்லிட்டாருப்பா, இனிமே இந்தக் காலால எதையும் உதைக்கக்கூடாதுன்னு. வண்டியைக் குடுத்துடறேன். சனிக்கிழமை சாயங்காலம் ஆள் வர்றாங்க."

மருந்துக்கடைக்காரர் கையிலிருந்த மாத்திரை அட்டையைக் கீழே வைத்தார். "என்ன டாக்டர் இப்படிச் சொல்றீங்க."

"மூடி வச்சுப் பாத்துக்கிட்டு இருக்க முடியலப்பா. ஒண்ணு மட்டும் செய்யுங்க. சனிக்கிழமை காலைல வந்து ஒரே ஒரு தடவை கிளப்பிக் குடுங்க. சத்தத்தைக் கேட்டுட்டு அனுப்பிடறேன். வேற யார் கால் மேலயும் எனக்கு நம்பிக்கை இல்ல."

போனை வைத்துவிட்டு மருந்துக்கடைக்காரர் தன் வலது காலைக் குனிந்து பார்த்தார். பிறந்ததிலிருந்து அது ஒரு வண்டியைக்கூடக் கிளப்பியதில்லை.

மெக்கானிக்கிடம் ஓடினார். "எனக்கு நிஜமா உதைக்கக் கத்துக்குடு."

"சார், நான் உங்களுக்கு மாட்டிக் குடுத்தது கதவுக் கைப்பிடி மாதிரி. செவுத்துல கைப்பிடி வச்சா அது கதவாயிடுமா? அவரு வண்டி வேற சார். முரட்டு வண்டி. ஏமாந்தா ஆளைத் தூக்கி எறியும்."

வீட்டில் மனைவியிடம் சொன்னார். அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். அவளிடம் எதையும் ஒளிக்க முடியாது, ஒளிக்க முயன்றும் பலமுறை தோற்றிருக்கிறார்.

"போய் உண்மையைச் சொல்லிடுங்க. ஒரு நாள் அசிங்கம், அதோட போயிடும்."

"அப்புறம் ஞாயித்துக்கிழமை நான் எங்க போறது?"

"என்கூட மார்க்கெட்டுக்கு வாங்க. பை தூக்க ஆள் இல்ல."

இதைக் கேட்டதும் உண்மையைச் சொல்கிற எண்ணம் இருந்த இடம் தெரியாமல் போயிற்று. சனிக்கிழமை காலை கடையிலிருந்து வலிநிவாரணி ஸ்பிரே ஒன்றும் கட்டுத்துணி ஒரு சுருளும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

டாக்டர் வீட்டுப் பின்புறம் வண்டிக்கென்றே ஒரு கொட்டகை. கறுப்பு வண்டி துடைத்து வைத்த பாத்திரம் மாதிரி மின்னியது. அதன் அடியில் ஆயில் சொட்டுக்கு ஒரு பழைய தட்டு. பக்கத்தில் நாற்காலி போட்டு, ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு டாக்டர் உட்கார்ந்திருந்தார். முகச்சவரம் செய்து சலவைச் சட்டை போட்டிருந்தார். அதைப் பார்த்ததும் மருந்துக்கடைக்காரருக்குப் பயத்தைவிட வெட்கம்தான் அதிகமாக வந்தது.

"ஆரம்பிங்கப்பா."

இனி பின்வாங்க வழியில்லை. பெட்ரோல் குழாயைத் திறந்தார். சாவியைத் திருப்பினார். பழக்க தோஷம், லேசாக ஓர் இருமலும் இருமினார். கிக்கரின் மேல் காலை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, முழு எடையையும் போட்டு இறங்கினார்.

வண்டி பாதி வழி வரை விட்டுக்கொடுத்துவிட்டு, 'டம்' என்று திருப்பி அடித்தது. கிக்கர் எகிறி முழங்காலுக்குக் கீழே கொடுத்த அடியில் மருந்துக்கடைக்காரர் பின்னால் போய், டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்து, அங்கிருந்து தரைக்கு வந்து சேர்ந்தார். பைக்குள் இருந்த ஸ்பிரே உருண்டு டாக்டர் காலடியில் போய் நின்றது.

டாக்டர் அதை எடுத்துப் பார்த்தார். பிறகு வண்டியைப் பார்த்தார். பிறகு இவரைப் பார்த்தார்.

"கைப்பிடிக்குக் கீழ இருக்கே ஒரு சின்ன லீவர், காத்தை வெளிய விடறது, அதை நீங்க தொடவே இல்லையே. அதைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா அமுக்கி, பிஸ்டனை இடத்துக்குக் கொண்டுவந்துட்டுத்தானே உதைக்கணும்? நேத்து பைக் வாங்கினவனுக்குக்கூட இது தெரியுமே."

மருந்துக்கடைக்காரர் தரையில் உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். ஸ்பிரிங், திருகு மாதிரி பட்டன், இருமல், ஒன்றையும் விடவில்லை. சொல்லச் சொல்லக் கால் வலி குறைந்த மாதிரி இருந்தது. நெஞ்சில் வேறொரு வலி ஏறியது.

"எனக்கு அந்தப் பேர் பிடிச்சுப் போச்சு டாக்டர். விட மனசு வரல. இனிமே வரமாட்டேன். நீங்களே எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க."

டாக்டர் முகம் கடுத்துப் போயிருந்தது. "ஊர்ல இருக்கிற பொய்ப்பல்லையெல்லாம் பாத்தவன் நான். ஒரு வருஷமா என் மூக்குக்கு முன்னாடி ஒரு பொய்க்கிக்கர். அந்த அச்சகக்காரரை நாய் மாதிரி விரட்டினேன். உங்களுக்குக் கைதட்டினேன். ஆவி வேற பிடிக்கச் சொன்னேன்."

"பிடிச்சேன் டாக்டர்."

"எதுக்கு?"

"நீங்க சொன்னீங்கன்னு."

டாக்டர் சிரிக்கவில்லை. ஊன்றுகோலால் தரையில் கோடு கோடாகப் போட்டார். சாயங்காலம் ஆள் வந்து கறுப்பு வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விடுவான் என்ற நினைப்பு இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தது. கடைசியில், ஏதோ கெட்ட வார்த்தையைச் சொல்லப் போகிறவர் மாதிரி கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"அந்த ஸ்டார்ட்டர் மோட்டார் எந்தப் பக்கம் வரும்?"

மருந்துக்கடைக்காரருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் வலியை மறந்து எழுந்துவிட்டார். "டாக்டர், உங்க வண்டிக்கா?"

"பழைய வண்டிக்கு மாட்ட முடியுமா முடியாதா, அதைச் சொல்லுங்க."

"நம்ம மெக்கானிக் மாட்டுவான் டாக்டர். வெளிய தெரியாம மாட்டுவான். ஆனா சட்டம்?"

டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். சட்டத்தைப் போட்டவரே அவர்தானே. "உதைக்கணும்னுதான் சட்டம். உதைச்சதாலதான் கிளம்பணும்னு நான் எங்கயும் சொல்லல." பிறகு போனை எடுத்து, சாயங்காலம் வர இருந்தவரிடம் வண்டி விற்பனைக்கு இல்லை என்று சொன்னார். வைத்துவிட்டு, "அந்த அச்சகக்காரரைத் தேடிப் பிடிங்க. அவரையும் மெக்கானிக்கிட்ட அனுப்புங்க. நான் மன்னிப்புக் கேட்டதாச் சொல்லுங்க. இல்ல, வேணாம், நானே சொல்றேன்" என்றார்.

மெக்கானிக்குக் கொஞ்ச நாள் ராத்தூக்கம் இல்லை.

ஒரு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, டாக்டர் ஊன்றுகோலை வண்டியின் பக்கத்தில் கட்டிக்கொண்டு டீக்கடை வாசலுக்கு வந்தார். சங்கமே சூழ்ந்துகொண்டது. டீ குடித்து முடித்து, கிளம்புகிற நேரம் வந்தது. ஆபரேஷன் ஆன காலை டாக்டர் தூக்கினார். படி இறங்குகிற மாதிரி கிக்கரை மெல்ல அமுக்கினார். ஒரு தடவை, இரண்டு தடவை. மூன்றாவதில் வானம் அதிர இருமினார். கறுப்பு வண்டி கிளம்பிவிட்டது.

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மருந்துக்கடைக்காரர் பக்கத்தில் போய், "ஆவி பிடிங்க டாக்டர்" என்றார். "அலட்சியமா விடாதீங்க."

டாக்டர் பதில் சொல்லுமுன் பின்னாலிருந்து இன்னோர் இருமல் கேட்டது. அச்சகக்காரர். அவருக்கு இது முதல் நாள், கவனமெல்லாம் பட்டன் மேல்தான். மனிதர் இருமினார், பட்டனை அமுக்கினார், வண்டி கிளம்பி ஜம்மென்று ஓட ஆரம்பித்துவிட்டது. அதற்குப் பிறகுதான் ஞாபகம் வந்து, ஓடுகிற வண்டியின் கிக்கரை ஓங்கி ஓர் உதை உதைத்தார்.

எல்லோரும் திரும்பினார்கள். அச்சகக்காரரின் கை தானாகவே ஹெல்மெட்டைக் கழற்றப் போனது. மருந்துக்கடைக்காரர் டாக்டரைப் பார்த்தார். அவர் வாயிலிருந்து வரப்போகிற வார்த்தையில்தான் மூன்று பேரின் ஞாயிற்றுக்கிழமையும் இருந்தது.

டாக்டர் அந்த வண்டியை மேலும் கீழும் நிதானமாகப் பார்த்தார்.

"நல்ல ஜாதி வண்டி" என்றார். "உதைக்கப் போறார்னு தெரிஞ்சதுமே கிளம்பிடுச்சு பாருங்க. ஹெல்மெட்டைப் போடுங்கப்பா, நேரமாச்சு."