லாசரஸின் கார்பன் சான்ட்ரோ

சிட்லபாக்கம் லாசரஸின் வெள்ளைச் சான்ட்ரோவுக்குத் தலையில் தேமல் வந்திருந்தது. வருஷக்கணக்காக வெயிலில் நின்றதில் கூரைப் பெயின்ட் திட்டுத்திட்டாக உரிந்துவிட்டது. ரயில்வே சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற லாசரஸ் அதை இதுவரை பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. ஆனால் அந்த மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவருடைய மகள் பியூலாவைப் பெண் பார்க்கச் செங்கல்பட்டிலிருந்து வருவதாக இருந்தார்கள். அவர்களைத் தாம்பரம் ஸ்டேஷனிலிருந்து அழைத்து வரப்போவது இந்தக் காரில்தான்.

"பையனுக்குக் கார் பார்ட்ஸ் கம்பெனியில வேலை. காரை வச்சுத்தான் நம்மள எடை போடுவான்" என்று மனைவி பேபியிடம் கவலைப்பட்டார்.

"பார்க்க வர்றது என்னையா, காரையா டாடி?" என்றாள் பியூலா. சிறுசேரியில் மென்பொருள் வேலை. வீட்டிலும் மடியில் லேப்டாப் இருக்கும்.

பெயின்ட் அடிக்க ஒரு வாரம் ஆகும் என்று எல்லாப் பட்டறையிலும் கையை விரித்தார்கள். கடைசியில் மேற்குத் தாம்பரத்தில் ஸ்டிக்கர் கடை வைத்திருந்த ஷாகுலிடம் போனார். ஆட்டோக்களின் முதுகில் பிள்ளைகள் பெயரை வெட்டி ஒட்டுவதில் ஷாகுல் கெட்டிக்காரன். கார்க் கூரை எதையும் அவன் அதுவரை தொட்டதில்லை.

"பெயின்ட்டெல்லாம் எதுக்கு சார், பேஜாரு? கார்பன் ஸ்டிக்கர்னு புச்சா வந்துகீது. ரேஸ் வண்டிக்குப் போடற அய்ட்டம். தூரத்துலேர்ந்து பார்த்தா நெசமான கார்பன்தான்."

"கிட்ட வந்து பார்த்தா?"

"கிட்ட வர வுடாதீங்க சார்."

சனிக்கிழமை காலை ஷாகுல் ரோலோடு வந்து இறங்கினான். பாய் பின்னியது போல் கறுப்பில் கறுப்பு இழையோடிய ஸ்டிக்கர். அதைச் சூடு காட்டி இழுத்துப் பிடித்தால் வளைவுகளில் படிந்துகொள்ளும் என்று, சூடான காற்றை ஊதும் ஒரு மெஷினும் கொண்டு வந்திருந்தான். மெஷினைச் சொருகியதும் கரண்ட் போய்விட்டது.

"கவலையே இல்லப்பா, மேல பாரு" என்று லாசரஸ் சூரியனைக் காட்டினார். உண்மைதான். அந்த வெயிலில் கூரையில் தோசை ஊற்றியிருக்கலாம்.

ஷாகுல் ஒரு முனையைப் பிடிக்க, வேண்டாம் வேண்டாம் என்று அவன் சொல்லச் சொல்ல லாசரஸ் மறுமுனையைப் பிடித்தார். பசையை மூடியிருந்த தாளை உரித்த நேரம் பார்த்துக் காற்று வீசியது. ஸ்டிக்கர் பாய்மரம் போல் உப்பி, அவருடைய இடது கை முழுவதையும் மூடி ஒட்டிக்கொண்டது. ஷாகுல் அதைப் பிய்த்தபோது முழங்கை வரையிலான ரோமமும் சேர்ந்து போயிற்று. லாசரஸ் போட்ட சத்தத்தில் பேபி அடுப்பை அணைக்காமல் ஓடி வந்தாள்.

"ஒண்ணுமில்லக்கா. சாருக்கு ஷேவிங்கு" என்றான் ஷாகுல்.

அதற்குப் பிறகு லாசரஸை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு அவன் தனியாகவே ஒட்டினான். நடுவில் இட்லி அளவுக்கு ஒரு காற்றுக்குமிழி நின்றுவிட்டதே தவிர, கூரை உண்மையிலேயே அழகாக வந்துவிட்டது. லாசரஸ் காரை நாலு முறை சுற்றி வந்தார்.

"மீதி ரோல் இருக்கே?"

"டேஷ்போர்டுக்கு ஒரு பட்டை போட்டுர்றேன் சார். அதோட வுட்ருங்க. ஓவராப் போனா நல்லா இருக்காது."

ஷாகுல் பட்டையை ஒட்டிவிட்டுப் போனான். ஆனால் ரோல் இன்னும் மிச்சம் இருந்தது. அதை அவன் விட்டுவிட்டுப் போனதுதான் தப்பு. மாலைக்குள் லாசரஸ் கியர் குமிழ், கதவுக் கைப்பிடிகள், ஏசி சுவிட்சுகள், ஃபியூஸ் பெட்டி மூடி எல்லாவற்றையும் மூடிவிட்டார். ஸ்டியரிங் நடுவில் இருந்த ஹாரன் திண்டின் மேல் ஸ்டிக்கரை நன்றாக இழுத்து, நான்கு பக்கமும் மடித்து ஒட்டினார். கடைசியாக மிஞ்சிய துண்டு டிவி ரிமோட்டுக்குப் போயிற்று. எது எந்தப் பொத்தான் என்று தெரியாமல் அன்று பேபி சீரியல் பார்க்கவில்லை.

ஞாயிறு காலை பியூலாவும் ஸ்டேஷனுக்குக் கிளம்பினாள். "வீட்ல டம்ளரைப் பிடிச்சிட்டு நிக்கறதுக்கு இது எவ்வளவோ மேல்" என்றாள்.

ரயிலிலிருந்து இரண்டு பேர் இறங்கினார்கள். பையன் அசரியா கூச்சத்தோடு சிரித்தான். அவன் அப்பா அப்பாதுரை ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, அதே கஞ்சியைப் போட்டது போன்ற முகம். அவர் கார்க் கூரையை நெடுநேரம் பார்த்தார்.

"மேல என்ன சார், தீப்பிடிச்சிருச்சா?"

"கார்பன் சார்! ரேஸ் காருக்குப் போடறது."

"ஓ" என்று ஏறி உட்கார்ந்தவர், உடனே ஜன்னலை இறக்கினார். கறுப்புக் கூரைக்குக் கீழே உள்ளே அடுப்பு மூட்டியது போல் இருந்தது. பசை நாற்றம் வேறு.

"ஏசி போட்டுரலாம் சார்" என்று லாசரஸ் ஒரு கறுப்புக் கட்டையை அழுத்தினார். பின் கண்ணாடியில் தண்ணீர் பீய்ச்சியது. இன்னொன்றைத் திருகினார். சுடுகாற்று அப்பாதுரையின் முகத்தில் வந்து மோதியது. பின்சீட்டில் பியூலா ஜன்னல் பக்கம் திரும்பி உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

கேம்ப் ரோடு தாண்டிச் செம்பாக்கம் நெருங்கும்போது ஓர் ஆட்டோ குறுக்கே புகுந்தது. லாசரஸ் ஹாரனை அழுத்தினார். அடித்தது. கையை எடுத்தார். அது நிற்கவில்லை. வெயிலில் சுருங்கிய ஸ்டிக்கர், அமுங்கிய ஹாரனை மேலே எழும்ப விடாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

ஆட்டோ விலகியதும், முன்னால் ஒரு சாவு ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது.

மேளம், வெடி, ஆட்டம், பூ. தொண்ணூறு தாண்டிய ஒரு பெரியவரைச் சீரும் சிறப்புமாகக் கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நேர் பின்னால் கறுப்புத் தலைக் கார் ஒன்று வந்து நின்று விடாமல் அலறியது. மேளம் நின்றது. ஆடிக்கொண்டிருந்த ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

"இன்னா சார், பொணம் போய்கினு கீது, ஆரன் அடிக்கிற? அவரு எழுந்து உனக்கு வழி வுடணுமா?"

லாசரஸ் பதறி இறங்கிக் கைகூப்பினார். அவர் சொன்ன விளக்கம் எதுவும் யார் காதிலும் விழவில்லை. "துக்கத்துல நாங்களும் உண்டுங்க!" என்று தொண்டை கிழியக் கத்திவிட்டு, வேறு வழி தெரியாமல் ஊர்வலத்தோடு நடக்க ஆரம்பித்தார். உள்ளே வெந்துகொண்டிருந்த அப்பாதுரையும் இறங்கி அவர் பின்னாலேயே நடந்தார். யாரோ கார்க் கூரையிலும் அவர்கள் தலையிலும் பூவையும் பொரியையும் கொட்டினார்கள். மேளம் திரும்ப ஆரம்பித்தது.

பியூலா முன்சீட்டுக்குத் தாவிக் காரை ஓரம் கட்டினாள்.

"நீங்க கார் பார்ட்ஸ் கம்பெனிதானே! ஏதாவது பண்ணுங்க!" என்று கத்தினாள்.

"நான் அக்கவுண்ட்ஸ்!" என்று அசரியாவும் கத்தினான்.

"ஃபியூஸைப் பிடுங்கலாமா?"

"எது ஃபியூஸ் பெட்டி? எல்லாமே கறுப்பா இருக்கு!"

இருவரும் டேஷ்போர்டுக்குக் கீழே தலையை விட்டு நகத்தால் ஸ்டிக்கரைப் பிய்த்தார்கள். மூடி அகப்பட்டது. எது ஹாரனுக்கு என்று தெரியாமல் ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டியிருந்தது. பியூலா பிடுங்கப் பிடுங்க அசரியா உள்ளங்கையில் வாங்கிக்கொண்டான்.

"எங்க அப்பா எப்பவும் இப்படித்தான்! ஒரு ரோல் கிடைச்சா போதும்!"

"பரவாயில்ல! எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு!"

"என்னது?"

"பிடிச்சிருக்கு!"

"கேக்கல!"

அசரியா மூச்சை இழுத்துக்கொண்டு, "எங்கப்பா இருக்காரே! அவரைக் கண்டுக்காதீங்க! அவரு ஒரு..." என்று அடித்தொண்டையிலிருந்து கத்தவும், பியூலா கையில் சரியான ஃபியூஸ் வரவும் சரியாக இருந்தது. ஹாரன் நின்றது. அந்த நேரத்தில் மேளக்காரர்களும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

"...சிடுமூஞ்சி! எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு!" என்பது செம்பாக்கம் முழுக்கக் கேட்டது.

ஊர்வலம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. வேட்டியை மடித்துக் கட்டியவர் விசில் அடித்தார். தலையில் பொரியோடு அப்பாதுரை அசையாமல் நின்றார்.

"சிடுமூஞ்சின்னானே, என்னையா?" என்று லாசரஸிடம் கேட்டார்.

"ரோட்டுச் சத்தத்துல எனக்குச் சரியா விழல சார்" என்றார் லாசரஸ்.

மற்ற ஃபியூஸ்களைத் திரும்பச் சொருகிய பிறகுதான் கார் கிளம்பியது. வீட்டு வாசலில் காத்திருந்த பேபி, பூ சிதறிக் கிடந்த கறுப்புக் கூரையோடு கார் வருவதைப் பார்த்து நெஞ்சில் கை வைத்தாள். விஷயம் தெரிந்ததும் யாரையும் உள்ளே விடவில்லை. சாவுக்குப் போய்விட்டு வந்தவர்கள் குளிக்க வேண்டும். அப்பாதுரையும் அதையே சொன்னார். மாற்றுத் துணி கொண்டு வரவில்லை என்பது குளித்து முடித்த பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது. லாசரஸின் பச்சைக் கட்டம் போட்ட கைலியும் பனியனும் கிடைத்தன.

கைலியில் உட்கார்ந்துகொண்டு தலைமையாசிரியராக இருப்பது சிரமம். அப்பாதுரை முதல் வடையை முறைப்பாகத்தான் சாப்பிட்டார். மூன்றாவது வடையில், "துக்கத்துல நாங்களும் உண்டுங்க!" என்று லாசரஸ் கத்தியது ஞாபகம் வந்து, தனக்குத்தானே குலுங்க ஆரம்பித்தார். பேபி பயந்து தண்ணீர் கொண்டு வந்தாள். புரையேறவில்லை, சிரிப்புதான் என்று அசரியா சொல்ல வேண்டியிருந்தது. அவனே அதைச் சின்ன வயதில் பார்த்ததோடு சரியாம்.

"பொண்ணுகிட்ட எதுவும் கேக்கணுமா சார்?" என்றார் லாசரஸ்.

"என்னைவிட என் பையன் நல்லாக் கேட்டுட்டான். ஊருக்கே கேட்டுது" என்றார் அப்பாதுரை. பியூலா அன்று முதல்முறையாக வெட்கப்பட்டாள்.

கல்யாணம் ஆவணியில் என்று முடிவாயிற்று. மாப்பிள்ளை வீட்டார் நகையோ வேறெதுவுமோ கேட்கவில்லை. கிளம்பும்போது காய்ந்த சட்டையை மாட்டிக்கொண்டு, வாசலில் ஆட்டோவைக் கைதட்டி நிறுத்திய அப்பாதுரை ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"சம்பந்தி, கல்யாணக் காரை மட்டும் நாங்க ஏற்பாடு பண்ணிக்கிறோம்."